ஆழ உழுத இசைத்தட்டு

அக்காவின் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு பாட்டு. போன மாதம் ஒருநாள் போன் செய்து, "மாமா, நான் டிஜே கத்துக்கப் போறேன். முதன்முதலா வாங்குறவங்களுக்கு எந்த டர்ன்டேபிள் சரியா வரும்? ரொம்ப விலை இல்லாம சொல்லுங்க" என்றாள். எனக்கு அது என்னவென்று தெரியாது என்று நினைத்துக்கொண்டு, விளக்கவும் ஆரம்பித்தாள். ஒரு தட்டு சுற்றுமாம். அதன்மேல் ஒரு முள் உட்காருமாம். அப்படி இரண்டு வேண்டுமாம். ஒன்றில் பாட்டு ஓடும்போதே இன்னொன்றில் அடுத்த பாட்டைத் தயாராக வைத்துக்கொள்வதற்காம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏ பாப்பா, அதக் கண்டுபிடிச்சதே உங்க அம்மாதான். போய் அவளக் கேளு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உலகத்தில் வேறு யாராவது அதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்த வருடம், எங்கள் ஊரில் அறுப்புக் கூலித் தகராறு உச்சத்தில் இருந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் உழுகிறவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார்கள். மிராசுதார்கள் அதைக் கேட்டுக் கை தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நிலத்தைப் பெண்டாட்டி பேரிலும் மச்சினன் பேரிலும் சாமி பேரிலும் எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மிராசுதார் பிறக்கப்போகிற பேரனுக்குப் பெயர் வைத்து அந்தப் பேரில் எழுதிவிட்டார் என்றும், கடைசியில் பேத்தி பிறந்துவிட்டது என்றும் சொல்வார்கள். நாங்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டோம். அவர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். நாங்கள் வரப்பில் செங்கொடியை நட்டு மறித்தோம். இப்படி மேலத்தெருவும் எங்கள் தெற்குத்தெருவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தெற்குத்தெரு என்பது நாங்கள் சொல்லும் பெயர். மற்றவர்கள் வைத்திருந்த பெயர் வேறு, அதை எழுதி என் பேனாவை நான் ஏன் அழுக்காக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மைக்செட் இல்லாத கல்யாணம் கல்யாணத்தில் சேர்த்தி இல்லை. விடியும்போதே தென்னைமரத்தில் கட்டிய குழாயிலிருந்து பாட்டு கிளம்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் இன்றைக்கு இன்னார் வீட்டில் விசேஷம் என்று பக்கத்து ஊருக்குத் தெரியும். பாட்டு கேட்காவிட்டால் பெண் ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்டாள் என்று பேசிக்கொள்வார்கள். கடைத்தெருவில் ஒரே ஒரு மைக்செட்காரர் இருந்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் பாட்டுப் போடாத விசேஷம் கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் போட்டது கிடையாது.

அப்பா போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். மைக்செட்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், ஒரு ஒயரைச் சீவிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பக்கம் பாதை மோசம்ப்பா. செட்டு குலுங்குச்சுன்னா உள்ள எல்லாம் புட்டுக்கும்."

அதே பாதையில்தான் மிராசுதார் வீட்டு நெல் மூட்டைகள் வண்டி வண்டியாகக் குலுங்கிக்கொண்டு போயின. ஒரு மூட்டையும் புட்டுக்கொண்டதில்லை. எங்கள் தெருவுக்குள் வந்தால் மேலத்தெருவில் அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான் அவருடைய பயம். அவருக்கும் வயிறு இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது என்று இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அவரை நான் வைத வசவை எழுதினால் இந்தப் புத்தகத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

அப்பா சொன்னதைக் கேட்டு, அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அக்கா நடவு நட இறங்கினால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மூச்சு வாங்கும். வாயும் அதே வேகம்தான்.

"பாட்டு இல்லாம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள்.

"தாலி கட்டப்போறது மாப்பிள்ளையாடி, பாட்டுக்காரனா?" என்றாள் அம்மா.

"மேளமும் வேணாம் ஐயரும் வேணாம்னு சீர்திருத்தக் கல்யாணம் பேசினது யாரு? நீங்கதானே? கெட்டிமேளமும் இல்ல, பாட்டும் இல்லன்னா, தாலி கட்டுறப்ப எல்லாரும் என்ன கேப்பாங்க? ஆடு கத்துறதயா?"

அவள் சொன்னால் சொன்னதுதான், நீட்ட மாட்டாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் கார் பேட்டரியும் இரண்டு குழாயும் மைக்கும் இருந்தன. கூட்டத்துக்குக் கூட்டம் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். ரெக்கார்டு பிளேயர் மட்டும் இல்லை. தலைவர்கள் பேச ஆரம்பித்தால் பாட்டுக்கு ஏது நேரம்? கல்யாணத்துக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்ட சங்கத் தலைவர், செட்டைத் தருவதாகவும் சொல்லிவிட்டார். ஆக, இசைத்தட்டைச் சுழற்ற ஒரு பெட்டி மட்டும் வாங்கினால் போதும் என்று ஆனது.

அதை இரண்டாக்கியவள் அக்கா. காரணம், நிச்சயதார்த்தத்தில் நடந்த கூத்து.

மாப்பிள்ளை மாயவரம் பக்கம். ரேஷன் கடையில் எடை போடுகிறவர், பரம சாது. ஆனால் அவருடைய தாய்மாமன் ஒரு கட்சி, எங்கள் சித்தப்பா இன்னொரு கட்சி. சில வருடங்களுக்கு முன்புவரை இரண்டும் ஒரே கட்சியாக இருந்தது. அது உடைந்தபோது தமிழ்நாட்டில் உடையாத குடும்பம் இல்லை. நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு எல்லோரும் ஒரு நொடி சும்மா இருந்தார்கள். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. தாய்மாமன் தன் தலைவரின் படப் பாட்டை லேசாக முணுமுணுத்தார். சித்தப்பா தொண்டையைச் செருமினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் எழுந்தபோது, வெற்றிலைத் தட்டு எங்கே போய் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா யோசித்துச் சொன்னாள்: "பாட்டு ஓடுறவரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். தட்டு மாத்துற நேரத்துலதான் தொறப்பான். அதனால தட்டு மாத்துற நேரமே இருக்கக் கூடாது. ரெண்டு பெட்டி வாங்குவோம். ஒண்ணுல இவரு பாட்டு, ஒண்ணுல அவரு பாட்டு. இது முடியுறப்ப அத எடுத்துவிட்டுடணும்."

இதைத்தான் இன்றைக்குப் பெரிய பெரிய ஓட்டல்களில் கலர் விளக்கைப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டத்தை ஆட வைக்க வேண்டும். எங்களுக்குக் கூட்டம் அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

அக்கா வளர்த்த ஆடுகளில் இரண்டை விற்றோம். ஆட்டுக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு. நாகூரில் சிங்கப்பூர் சாமான் விற்கும் பாய் ஒருவர் கடையில் பழைய பிளேயர்கள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அக்காவும் அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். கல்யாணப் பெண் வெயிலில் அலையக் கூடாது என்று அம்மா தடுத்தாள். வெயிலில் நின்று நடவு நட்டபோது யாரும் தடுக்கவில்லையே என்று அக்கா கேட்டாள்.

பாய் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்துவிட்டு, முதலில் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். ரேடியோவும் பிளேயரும் சேர்ந்து பீரோ அளவுக்கு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் நாங்கள் மூன்று பேரும் இறங்க வேண்டியதுதான். அடுத்ததாகக் காட்டியது ஒரு மாயப் பெட்டி. நடுவில் உள்ள கம்பியில் பல தட்டுகளை அடுக்கிவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே பொத்தென்று கீழே போடும்.

"இது ஒண்ணு போதும் தங்கச்சி. நீங்க தொடவே வேணாம். தானா விழும்" என்றார் பாய்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க சித்தப்பா பாட்டு மேல அவங்க மாமா பாட்டு விழுந்தா, அதுக்கும் சண்ட வரும் பாய்" என்றாள்.

பாய் மாயப் பெட்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்ச் சின்னப் பெட்டிகளாக எடுத்து வந்து வைத்தார். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம், டார்ச் லைட் செல் போட்டால் ஓடும். எங்கள் தெருவில் அப்போது குடிசைக்கு ஒரு குண்டு பல்புதான் அரசாங்கம் கொடுத்திருந்தது, அதுவும் எரிந்தால் உண்டு. அதனால் செல்லில் ஓடுவதாகப் பார்த்துத்தான் வாங்கியாக வேண்டும்.

அக்கா எப்படிச் சோதித்தாள் என்பதை அக்கா மகள் கேட்டால் மயங்கி விழுவாள். மடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்துச் சுற்றுகிற தட்டின் ஓரத்தில் வைத்தாள். நெல் தூக்கி எறியப்பட்டால் வேகம் அதிகம், அசையாமல் சுற்றி வந்தால் நல்ல பெட்டி என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டிருந்தாள். முதல் பெட்டி நெல்லை அப்பாவின் டீயில் எறிந்தது. இரண்டாவது பெட்டியில் நெல் நழுவி, தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் விழுந்துவிட்டது. அதன்பின் அந்தப் பெட்டி சுற்றும்போதெல்லாம் கரக் கரக் என்றது. பாய் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். நெல் வரவில்லை. நாங்கள் கெடுத்த பெட்டியை நாங்களே வாங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று அப்பா சொல்லிவிட்டார். அது நீல நிறம். மூன்றாவதில் நெல் அசையாமல் சுற்றியது, ஆனால் அதற்கு மூடியே கிடையாது, அதனால் விலை குறைவு. அதற்கு மொட்டை என்று பெயர் வைத்தோம்.

ஆகவே முதன்முதலில் வாங்குபவர்களுக்கு என் புத்திமதி இவ்வளவுதான். ஜோடியாக ஒரே மாதிரி வாங்க வேண்டும். நாங்கள் அப்படி வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நீலம் ஓர் அவசரக்குடுக்கை, மொட்டை ஒரு சோம்பேறி. சித்தப்பா கொண்டுவந்த அவர் கட்சிப் பாட்டுத் தட்டுகளை மொட்டையில் போட்டதும் சித்தப்பா துள்ளிக் குதித்தார்.

"ஏன்டா, கொள்கைப் பாட்ட ஒப்பாரி மாதிரி இழுக்குற? அந்த மாயவரத்தான் காசு குடுத்தானா?"

சரி என்று நீலத்துக்கு மாற்றினேன். இப்போது தலைவரின் புகழை ஒரு அணில் பாடியது. சித்தப்பாவுக்கு அது பரவாயில்லையாக இருந்தது. "எழுச்சியா இருக்கு" என்றார். தாய்மாமனின் பாட்டுகளை மொட்டைக்கு ஒதுக்கி, கல்யாணத்தன்று மட்டும் அதில் புது செல் போட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தேன்.

தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் அக்கா தனியாக ஒரு தட்டு வைத்திருந்தாள். எந்தக் கட்சியிலும் சேராத ஒரு காதல் பாட்டு. ஒரு பெண் தன் ஆளை வா வா என்று கூப்பிடுகிற பாட்டு. எந்தப் பாட்டு என்று சொன்னால் அக்கா இந்த வயதிலும் என்னை அடிக்க வருவாள். அதைப் பாய் கடையில் அவளே தேடி எடுத்தாள். பஸ்ஸில் வரும்போது பெட்டிகளை என் மடியில் வைத்துவிட்டு அந்தத் தட்டை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இங்கேதான் அப்பா வருகிறார். அப்பா ஏர் பிடிப்பதில் பேர் போனவர். பெட்டியில் தட்டு சுற்றுவதையும் முள் வெளி ஓரத்தில் ஆரம்பித்து வளைந்து வளைந்து உள்ளே போவதையும் முதல் நாள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

"இது உழவுதான்டா. சுத்தி வளைச்சு உழுவுறான். இந்தக் கோடெல்லாம் சாலு. இந்த முள்ளுதான் கொழு" என்றார்.

அப்படி அவர் சொன்னபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சிங்கப்பூர் சாமானுக்கே அப்பா அர்த்தம் சொல்லிவிட்டாரே என்று அக்கா சிரித்தாள். வினை அதற்கு மறுநாள் ஆரம்பித்தது. நீலத்தில் முள் அவ்வப்போது தாவியது. உள்ளே இருந்த நெல்தான் காரணம், பெட்டியைக் குலுக்கிவிட்டது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "சால் தாண்டுது. மேழிப் பிடியில கை அழுத்தல, அதான்" என்றார். பம்புசெட்டிலிருந்து கழன்ற ஒரு நட்டை எடுத்து வந்து முள் இருக்கும் கையின்மேல் நூல் போட்டுக் கட்டினார். முள் தாவுவது நின்றுவிட்டது! தெருவே கூடி நின்று பார்த்தது. அகல உழுவதை விட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று அப்பா எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

ஒரு நட்டோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். ஆழ உழுதால் விளைச்சல் கூடும், ஆகவே சத்தமும் கூடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. மகள் பாட்டு மேலத்தெரு வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஆசை. நான் வெளியே போகிற நேரம் பார்த்து இன்னொரு நட்டு, அப்புறம் ஒரு வாஷர் என்று கட்டிக்கொண்டே போனார். கட்டிவிட்டு எந்தத் தட்டைப் போட்டுச் சோதிப்பார்? மகளுக்குப் பிடித்த அந்தத் தட்டைத்தான். தினமும் அதையே உழுதார்.

கல்யாணத்தன்று விடியும்போது குழாய் இரண்டையும் தென்னைமரத்தில் நான்தான் கட்டினேன். ஒன்றை மேலத்தெருவைப் பார்த்துக் கட்டினேன். வேண்டுமென்றேதான் கட்டினேன். முதல் பாட்டு கிளம்பியபோது எங்கள் தெருவில் ஒரு கிழவர் வாசலில் நின்று அழுதார். எங்கள் தெருவிலிருந்து வெளியே போன முதல் பாட்டு அது. எனக்கும் அழுகை வந்தது, அடுத்த தட்டை எடுக்க வேண்டியிருந்ததால் அழ முடியவில்லை.

அக்காவின் திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. நீலத்தில் சித்தப்பா கட்சி, மொட்டையில் தாய்மாமன் கட்சி. ஒரு பாட்டு இறங்கும்போதே ஒயரை மாற்றி அடுத்ததை ஏற்றினேன். இருவரும் பந்தலின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து வாயைத் திறப்பார்கள், பாட்டு வந்துவிடும், மூடிக்கொள்வார்கள். காலை முழுக்க இரண்டு மீன்கள் மாதிரி திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

தாலி கட்டும் நேரம் வந்தது. பெண்ணின் தம்பி என்பதால் தாலித் தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் போய் எல்லோரிடமும் தொட்டு ஆசி வாங்கி வர என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்காவின் தட்டை நீலத்தில் வைத்து, "நான் தலையாட்டினதும் முள்ள இறக்குங்கப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். சங்கத் தலைவர் மைக்கில் பேசி முடித்தார். மாப்பிள்ளை தட்டிலிருந்து தாலியைக் கையில் எடுத்தார், மிச்சமிருந்த மஞ்சள் அரிசியைக் கொடுக்கக் கூட்டத்துக்குள் திரும்பினேன். நான் தலையாட்டினேன். பாட்டு வந்தது. நீலத்தின் அவசரத்திலும் அந்தப் பெண் குரல் அழகாக எழுந்து, "வா" என்றது. பிறகு மறுபடியும் "வா" என்றது. மறுபடியும் "வா".

வா. வா. வா. வா.

முதலில் கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஏர் வேரில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். அழுத்தினார். அழுத்த அழுத்த அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். நான் தாலித் தட்டோடு கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். தட்டைக் கீழே வைக்கவும் முடியாது, மஞ்சள் அரிசியைக் கொட்டாமல் ஓடவும் முடியாது. "எடுங்கப்பா! முள்ள எடுங்க!" என்று கத்தினேன். அப்பாவுக்குக் கேட்டது "அழுத்துங்கப்பா" என்றோ என்னவோ, இன்னும் அழுத்தினார்.

குழாய் மேலத்தெருவைப் பார்த்து இருந்தது என்று சொன்னேன் அல்லவா? எங்கள் ஊரில் மேலத்தெருக்காரர்களை எங்கள் தெருவிலிருந்து யாரும் "வாங்க" என்று கூப்பிட்டதே அபூர்வம். "வா" என்று கூப்பிட்டது சரித்திரத்தில் இல்லை. அதுவும் கூலித் தகராறு நடக்கிற நேரம். குழாய் போட்டு, ஊர் கேட்க, விடாமல் வா வா என்றால் வேறு என்ன அர்த்தம்? வா, ஒரு கை பார்க்கலாம் என்றுதானே அர்த்தம்! கொஞ்ச நேரத்தில் தெரு முனையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலர் கையில் கம்பு இருந்தது. எங்கள் ஆட்களும் பந்தல் கால்களைக் கண்ணால் எண்ண ஆரம்பித்தார்கள். அக்காவைப் பார்த்தேன். மணையில் விறைப்பாக உட்கார்ந்து, நீட்ட வேண்டிய கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கண் நிறையத் தண்ணீரோடு அந்த நீலப் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது.

அப்போது முனையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். மைக்செட்காரர். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம்.

"ஐயா, யாரும் உங்கள கூப்பிடல! ரெக்கார்டு மாட்டிக்கிச்சு! ரெக்கார்டுங்க, ரெக்கார்டு!" என்று பின்னால் திரும்பிக் கம்புக்காரர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே, முன்னால் எங்கள் தெருவுக்குள் ஓடி வந்தார். பாதை மோசம் என்பதெல்லாம் அவர் காலுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. பந்தலுக்குள் புகுந்து அப்பாவின் கையைத் தட்டிவிட்டு முள்ளைத் தூக்கினார். தூக்கியவர், அதில் கட்டியிருந்த நட்டுகளைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளையை அடித்துப்போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? இதுல தண்ணி பாச்சலாம்யா!"

பந்தல் அமைதியாகிவிட்டது. அமைதி என்றால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மூலையில் சித்தப்பா வாயைத் திறந்தார். மறு மூலையில் தாய்மாமன் வாயைத் திறந்தார். தெரு முனையில் கம்பு இன்னும் இறங்கவில்லை. அக்கா கழுத்தை நீட்டவில்லை. நான் இருந்த இடத்திலிருந்து, "அண்ணே! பக்கத்துப் பொட்டி!" என்று அலறினேன்.

அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆழமாக உழப்பட்ட அந்தத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். பாழாய்ப்போன சாலுக்கு அப்பால் இடம் பார்த்து, மொட்டையில் வைத்து, ஒயரை மாற்றி, நட்டு இல்லாத முள்ளைப் பூப்போல இறக்கினார். "வா" என்று கூப்பிட்டு முடித்துவிட்ட அந்தப் பெண், வந்தவனிடம் கொஞ்சிப் பேசும் இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். சித்தப்பா வாயை மூடினார். தாய்மாமன் வாயை மூடினார். முனையில் நின்றவர்களில் ஒருவர் கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டு நன்றாயிருக்கிறதே என்பதுபோல் நின்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்தை நீட்டினாள். மாப்பிள்ளை எடை போடுகிறவருக்கே உரிய நிதானத்தோடு முடிச்சுகளைப் போட்டார்.

மைக்செட்காரர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை அப்போதுதான் அவர் சரியாகப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு, தட்டு மாற்றும் இடைவெளியில் கல்யாண வீட்டாரிடம் திட்டு வாங்கியவர். "ஒண்ணு ஓடுறப்ப ஒண்ணா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். நட்டுகளை அவிழ்த்து எறிந்தார், நீலத்தைக் கவிழ்த்து எங்கேயோ ஒரு தட்டுத் தட்டினார், அந்த நெல் வெளியே வந்து விழுந்தது. பிறகு இரண்டு பெட்டிகளின் ஒயரையும் ஒன்றாக முறுக்கிச் செட்டில் கொடுத்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவரே போட ஆரம்பித்தார். சித்தப்பா பாட்டின் வால் முடியும் இடத்தில் தாய்மாமன் பாட்டின் தலையைக் கொண்டுவந்து வைத்தார். எங்கே ஒட்டினார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு கட்சியும் மறுபடி சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தது. அவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டு, அவர் மாட்டேன் என்று சொல்வதைக் கேட்க எங்களுக்கு விருப்பமில்லை. அவரைப் போன்றவர்கள் எங்கள் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கழுத்தில் மாலையோடு அக்காதான் எழுந்து போனாள், கையில் ஒரு டம்ளர் பாயசம்.

"குடிங்க" என்றாள்.

"சாப்பிட்டுத்தாம்மா வந்தேன்."

"அரக்கப் பரக்க ஓடியாந்தீங்க. அதுக்கு முன்னாடி சாப்பிட்டது எல்லாம் கரைஞ்சிருக்கும். குடிங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், தெரு முனையில் நின்றவர்களைப் பார்த்தார். வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. டம்ளரை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தலையை நிமிர்த்தினார். அண்ணாந்து குடிப்பது என்றால் எங்களுக்கு என்னவென்று தெரியும். சுத்தத்துக்காக என்று சொல்வார்கள், எங்கள் டம்ளர் என்றால் கூடுதல் சுத்தம். அக்காவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

ஆனால் நீலத்தில் பாட்டு முடியப்போகிறது. அவருடைய வலது கை மொட்டையின் முள்ளைத் தூக்கிப் பிடித்தபடி, இறக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. கண்ணைத் தட்டிலிருந்து எடுத்தால் இடம் தவறிவிடும். அண்ணாந்தால் தட்டு தெரியாது. சட்டென்று குனிந்தார். மறுபடி அண்ணாந்தார். மறுபடி குனிந்தார். பாயசம் மீசையில் கொஞ்சம் சிந்தியது. கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மூலைகளிலும் வாய்கள் திறக்கத் தொடங்கின.

அவர் தட்டையே பார்த்தபடி, இடது கையிலிருந்த டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சினார். வலது கை முள்ளை இறக்கியது. அடுத்த பாட்டு வந்துவிட்டது. கண்ணை எடுக்காமலே காலி டம்ளரை அக்கா பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.